எழுந்து நிற்கச் சொன்ன ஞாயிற்றுக்கிழமை

வரவேற்பதில் நான் கெட்டிக்காரன் என்று பெயரெடுத்தவன். முப்பத்தொரு வருடம் திருச்சபை ஊழியராக, ஊர் வாயில் உபதேசியாராக, இருந்தேன். அதில் கடைசி ஏழு வருடம், தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற வழியில் இலஞ்சிக்குப் பக்கத்தில் ஒரு சின்னச் சபையில். வெளியாட்களைக் கோயிலுக்குள் கொண்டுவருவது எப்படி என்று, ஊழியத்துக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் என்னிடம் கேட்டிருக்கிறீர்கள். அதற்கு உங்களிடமே நிறைய யோசனைகள் இருக்கும். தானாக வந்த ஒருவரை நான் எப்படி விரட்டினேன் என்பதைச் சொல்கிறேன். எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது அதுதான்.

ஆனியில் சாரல் பிடித்துவிட்டால் எங்கள் சபையில் கூட்டம் இரண்டு பங்காகும். அருவியில் தண்ணீர் பெருகிக் குளிக்கத் தடை போட்டால் இன்னும் கொஞ்சம் கூடும். தலையில் எண்ணெய் வழியத் தோளில் துண்டோடு வந்து, "இங்க துணி மாத்த இடம் இருக்குங்களா?" என்று கேட்டவர்களும் உண்டு. அவர்களுக்கும் ஒரு சுவிசேஷக் கைப்பிரதி கொடுத்துத்தான் அனுப்புவேன். ஒருநாள் சாயங்காலம் கடையில் வடை வாங்கினேன். காலையில் நான் கொடுத்த கைப்பிரதியிலேயே மடித்துக் கொடுத்தார் கடைக்காரர். "நல்ல தாளு ஐயா, எண்ணெ இறங்கல" என்று பாராட்டும் சொன்னார். யோசிக்கத் தெரிந்தவனாக இருந்தால் அன்றைக்கே கொஞ்சம் யோசித்திருப்பேன். நான் வடையைத் தின்றுவிட்டுப் போய்விட்டேன்.

எங்கள் சபையில் ஒரு வழக்கம் வைத்திருந்தேன். அறிவிப்பு வாசிக்கும்போது, புதிதாக வந்தவர்களை எழுந்து நிற்கச் சொல்வேன். அவர்கள் பேரும் ஊரும் சொல்ல வேண்டும். சபையார் கைதட்ட, பெண்கள் ஐக்கிய சங்கத்துச் செயலாளர் ஆளுக்கொரு வாழ்த்து அட்டையும் பேனாவும் கொடுப்பார். நாகர்கோவிலிலிருந்தும் மதுரையிலிருந்தும் சீசனுக்கு வந்த குடும்பங்கள் சிரித்த முகத்தோடு எழுந்து நிற்கும். ஏனென்றால் அவர்கள் ஊர்க் கோயிலிலும் இதே கூத்துதான். வெளியாள் வெளியாள் என்று நாங்கள் கைதட்டியதெல்லாம் பெரும்பாலும் வேறு ஊர்ச் சபைக்காரர்களுக்குத்தான்.

அந்தச் சபையில் கோயில்குட்டியாக ஓர் அக்கா இருந்தார். கோயிலைத் திறந்து பெருக்கி மணியடிப்பவரை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். கணவர் இறந்தபிறகு அந்த வேலையை இவர் எடுத்துக்கொண்டார். என் வயதுதான் இருக்கும். எச்சில் கையால் காக்கா விரட்டாதவர் என்று சபைக் கமிட்டியில் பேர். ஆள் உட்கார்ந்த இடத்துக்கு மேலே மட்டும்தான் ஃபேன் போடுவார். பெஞ்சில் இருப்பவர் நகர்ந்து உட்கார்ந்தால் அந்த ஃபேனை அணைத்து இந்த ஃபேனைப் போடுவார். கரண்ட் பில் அவர் கையிலிருந்து போவதுபோல.

ஆனால் ஒரு ஃபேன் விஷயத்தில் மட்டும் அவர் கணக்கு எனக்குப் புரியவில்லை. பெண்கள் பக்கம் கடைசித் தூணுக்குப் பின்னால் ஒரு பழைய ஃபேன் உண்டு. போட்டால் கடகடவென்று ஒரே சத்தம். பிரசங்கத்துக்கு இடைஞ்சலாக இருக்கிறது, ஆளைக் கூப்பிட்டுச் சரிபண்ணுங்கள் என்று பலமுறை சொல்லிவிட்டேன். "சொல்லிருக்கேன் ஐயா, அவன் வரல" என்பார். மார்கழிக் குளிரில் எல்லோரும் சேலைத் தலைப்பைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிற நாளிலும் அந்த ஃபேன் மட்டும் ஓடும். ஒருநாள் கொஞ்சம் கோபமாகவே கேட்டேன். "ஐயா ஒங்க பிரசங்கத்தக் கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க, சரியாப் போவும்" என்றார்.

அந்தத் தூணுக்குப் பின்னால் ஒரு பெண் வந்து உட்கார்ந்து போவது கார்த்திகை வாக்கில் என் கண்ணில் பட்டது. நாற்பது நாற்பத்தைந்து வயது, நெற்றியில் குங்குமம். முதல் பாட்டு முடிந்தபிறகு பக்கவாட்டுக் கதவு வழியாக வருவார், கடைசி ஆசீர்வாதத்துக்கு முன்னால் எழுந்து போய்விடுவார். எங்கள் சபைப் பெண் இல்லை என்பது பார்த்த உடனே தெரிந்தது. எனக்கு உள்ளுக்குள் ஒரே குஷி. யாரும் அழைக்காமல் ஓர் ஆத்துமா வருகிறது, என் பிரசங்கம் எங்கேயோ போய்த் தைத்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். உங்கள் வயதில் இப்படி நினைத்தால் மன்னிக்கலாம். எனக்கு அப்போது ஐம்பத்தைந்து.

எட்டு மாதம் இப்படியே போயிற்று. அடுத்த ஆனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சேகரத்து ஐயர் எங்கள் ஆராதனைக்கு வந்தார். எங்களைப்போன்ற பல சபைகளுக்கு மேலே இருக்கிற குருவானவர் அவர். அந்த மாதம்தான் வாலிபர் சங்கத்தார் ஆராதனையைச் செல்போனில் நேரலையாகப் போட ஆரம்பித்திருந்தார்கள். கோயில் நிறைந்த கூட்டம், முன்வரிசையில் ஐயர், நடுவில் கேமரா. இதைவிட நல்ல நாள் கிடைக்காது என்று என் புத்தி சொன்னது.

சீசன் குடும்பங்கள் எல்லாம் எழுந்து பேர் சொல்லி அட்டை வாங்கி உட்கார்ந்தன. நான் மைக்கை விடவில்லை. "கடைசித் தூணுக்குப் பின்னால ஒரு சகோதரி இருக்காங்க. ரொம்ப நாளா வர்றாங்க. அவங்களும் எழுந்து நின்னா நமக்குச் சந்தோஷம்" என்றேன். கேமராவை அந்தப் பக்கம் திருப்பச் சொல்லிக் கையையும் காட்டினேன்.

அவர் எழுந்திருக்க நேரமாயிற்று. முன்வரிசையிலிருந்து எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். தூணைப் பிடித்துக்கொண்டு நின்று, "கோமதி" என்றார். "எந்த ஊரும்மா?" என்று மைக்கில் கேட்டவன் நான்தான். "இலஞ்சி." சபையார் பலமாகத் தட்டினார்கள். செயலாளர் ஓடிப்போய் அட்டையும் பேனாவும் கொடுத்தார். அடுத்த பாட்டு முடிந்து பார்த்தால் ஆள் இல்லை. அட்டையும் பேனாவும் பெஞ்சின்மேல் இருந்தன. கோயில்குட்டி அக்கா போய் அந்த ஃபேனை அணைத்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் ஐயரை வழியனுப்புவதில் மும்முரமாக இருந்தேன்.

அடுத்த ஞாயிறு கோமதி வரவில்லை. செவ்வாய்க்கிழமை காலை, அவருடைய கணவரின் அண்ணன் என் வீட்டுக்கு வந்தார். போலீஸில் சப்-இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வுபெற்றவர். வயலும் தோப்பும் உள்ள குடும்பம், இலஞ்சி முருகன் கோயிலில் தலைமுறையாக மண்டகப்படி செய்கிறவர்கள். சத்தம் போடுவார் என்று எதிர்பார்த்தேன். செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். செல்போனை எடுத்து என்னிடம் நீட்டினார். தூணைப் பிடித்துக்கொண்டு கோமதி நிற்கிற காட்சி.

"இது என் தம்பி சம்சாரம். இவ மகளுக்குப் பண்பொழியில பேசி முடிச்சிருக்கோம், ஆவணியில கல்யாணம். மாப்ள வீட்டுக்காரங்க எனக்கு இத அனுப்பி, 'சம்பந்தியம்மா கிறிஸ்தவ வேதத்துல சேந்துட்டாங்களாமே, மெய்தானா'ன்னு கேக்காங்க. நான் அவளக் கேட்டா வாயத் தொறக்க மாட்டேங்கா. நீங்க சொல்லுங்க உபதேசியாரே. இவ இங்க வருதாளா, இல்ல அன்னைக்கு ஒருநாள்தான் வந்தாளா?"

நிலைமை உங்களுக்குப் புரியும். நான் சொல்லப்போகிற ஒரு வார்த்தையில் ஒரு பெண்ணின் கல்யாணம் நிற்கலாம். அவள் தாய் அந்த வீட்டில் தலைநிமிர முடியாமல் போகலாம். பொய் சொன்னால் எல்லாம் சரியாகிவிடும்போல இருந்தது. உண்மையைச் சொல்லவும் துணிச்சல் இல்லை, பொய்யை முழுதாகச் சொல்லவும் துணிச்சல் இல்லை. "அது வந்து அண்ணாச்சி, சீசன் நேரம். யார் யாரோ வருவாங்க, போவாங்க. நமக்கு எங்க ஞாபகம் இருக்கும்?" என்று இழுத்தேன்.

அவர் காக்கி உடுப்பில் எத்தனையோ பேருடைய மழுப்பலைக் கேட்டவர். என் முகத்தையே பார்த்தார். அந்த நேரத்தில் கோயில் சாவியைக் கொடுக்க வந்த அக்கா வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுவிட்டார்.

"ஐயா எதுக்கு மழுப்புதீங்க?" என்று உள்ளே வந்தார். "வருதாங்க அண்ணாச்சி. கார்த்திகையிலருந்து வருதாங்க. தூணுக்குப் பின்ன உக்காந்து அழுவாங்க. அழுது முடிச்சு, மூஞ்சத் தொடச்சுட்டுப் போயிருவாங்க. ஏன் அழுவுதீங்கன்னு நான் ஒருநாளும் கேக்கல. நீங்க கேட்டிருக்கீங்களா?"

 காரியம் கெட்டது என்று நினைத்தேன். அதோடு, எட்டு மாதமாக அந்தப் பெண் அழுதது எனக்குத் தெரியவே தெரியாது என்பதும் அப்போதுதான் உறைத்தது. அவர் உட்கார்ந்துவிட்டால் மேடையிலிருந்து தூண் மறைக்கும். என் பிரசங்கத்தைக் கேட்கத்தான் வருகிறார் என்று நான் இருந்தேன்.

அவர் செல்போனை அணைத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.  என்னைப் பார்த்துப் பேசவில்லை, அக்காவைப் பார்த்துத்தான் பேசினார்.

"அவளுக்கு மூத்த மகன் ஒருத்தன் இருந்தான்மா. செங்கோட்டை ரோட்டுல பைக்குல போயி, லாரியில அடிபட்டுப் போயிட்டான். வருசம் திரும்பின பொறவு அவன் தங்கச்சிக்கு மாப்ள பாத்தோம். நல்ல காரியம் வருத வீடு, இனிமே வீட்டுக்குள்ள யாரும் கண்ணீர் சிந்தப்பிடாதுன்னு நான்தான் சொன்னேன். அதுக்குப் பொறவு அவ அழவே இல்ல. மனசத் தேத்திக்கிட்டான்னுல்லா நெனச்சிட்டு இருந்தேன்."

 அக்கா உள்ளே போய் என் மனைவியிடம் சொல்லிக் காப்பி கொண்டுவந்து வைத்தார். அவர் அதைக் குடித்துவிட்டுத்தான் என் பக்கம் திரும்பினார். "நீங்க அவள மாத்தப் பாத்தீங்களா?"

இந்த முறை எனக்கு வாய் குழறவில்லை. "அவங்க என்கிட்ட ஒரு வார்த்த பேசினதில்ல அண்ணாச்சி. கேட்டிருந்தா இயேசுவப் பத்திச் சொல்லியிருப்பேன். அத ஒங்ககிட்ட ஒளிக்க மாட்டேன், அதுக்குத்தான நான் இருக்கேன். அவங்க கேக்கல. நான்தான் ஊர் முன்னால அவங்கள எந்திச்சு நிக்க வச்சேன். தப்பு என் மேல. பண்பொழிக்கு வேணும்னா நானே வந்து சொல்லுதேன்."

"நீங்க வந்தா உள்ளதும் கெட்டுப்போவும்" என்றார். சிரித்தாரா என்று சொல்ல முடியவில்லை. "நீங்க ஒண்ணும் செய்யாம இருங்க. அது போதும்." செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

அவர் போனபிறகு அக்காவைக் கடிந்துகொண்டேன். உண்மைதான், ஆனால் ஒரு குடும்பம் என்ன ஆகும் என்று யோசிக்க வேண்டாமா என்றேன். அவர் சாவியை ஆணியில் மாட்டியபடியே, "எட்டு மாசமா யோசிச்சுட்டுத்தான இருந்தேன். அந்த ஃபேன என்னத்துக்குப் போட்டேன்னு நெனச்சீங்க?" என்றார்.

எனக்கு விளங்கவில்லை.

"அழுத சத்தம் வெளிய கேக்கப்பிடாதுல்லா ஐயா. அதான் ஆளக் கூப்புடல. சரிபண்ணிட்டா அந்தப் பிள்ள எங்கன போயி அழும்?"

தென்காசி, செங்கோட்டை, திருவேங்கடம் என்று எத்தனையோ ஊரில் ஊழியப் பயிற்சி வகுப்புகளில் உட்கார்ந்திருக்கிறேன். உபசரிப்பு என்ற தலைப்பில் நானே வகுப்பும் எடுத்திருக்கிறேன். அன்று அக்கா சொன்னதைக் கேட்டு எனக்கு வெட்கமாக இருந்தது. வேறு சொல் தேட வேண்டியதில்லை, வெட்கம்தான்.

அன்று சாயங்காலமே அந்த நேரலையை எடுத்துவிடச் சொன்னேன். எடுத்தார்கள், ஆனால் கொட்டிய பாலை அள்ள முடியுமா? போகவேண்டிய இடத்துக்கெல்லாம் அது போயிருந்தது. பண்பொழிக்காரர்கள் என்ன முடிவு செய்தார்கள் என்று எங்களுக்கு ஒரு தகவலும் இல்லை. இலஞ்சியில் விசாரிக்கலாம் என்று இரண்டு முறை சைக்கிளை எடுத்தேன். "அண்ணாச்சி ஒங்கள என்ன செய்யச் சொன்னாங்க?" என்று அக்கா கேட்டார். சைக்கிளை வைத்துவிட்டேன். ஒன்றும் செய்யாமல் இருப்பது ஊழியக்காரனுக்கு எவ்வளவு கஷ்டமான வேலை என்று அந்த ஒன்றரை மாதத்தில் தெரிந்துகொண்டேன்.

எழுந்து நிற்கச் சொல்லும் வழக்கத்தை நிறுத்தினேன். கமிட்டியில் கேள்வி வந்தது. "வெளியாள் வந்தா நாம பாசமா இருக்கோம்னு எப்படித் தெரியும்?" என்றார் செயலாளர். மீதமிருந்த பேனாக்களை என்ன செய்வது என்பதும் அவருக்குக் கவலை. பக்கவாட்டுக் கதவை ஆசீர்வாதம் முடியும்வரை பூட்டாமல் வைத்திருப்போம், பேச வருகிறவரோடு பேசுவோம், பேசாதவரைப் பேசாமல் விடுவோம் என்றேன். இதெல்லாம் ஒரு திட்டமா என்பதுபோல் பார்த்தார்கள்.

ஆவணி பிறந்து நாலாம் நாள் அண்ணாச்சி வந்தார். கையில் மஞ்சள் தடவிய கல்யாணப் பத்திரிகை. எனக்கு ஒன்று. கோயிலைப் பெருக்கிக்கொண்டிருந்த அக்காவைத் தேடிப்போய் அவருக்குத் தனியாக ஒன்று. எனக்குக் கண் கலங்கிவிட்டது. பண்பொழியில் என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"உள்ளதச் சொன்னேன். செத்த மகனுக்கு அழ எடம் இல்லாம வேதக்கோயிலுக்குப் போனா, எடம் கொடுக்காத பாவி நான்தான்னேன். இதுக்குக் கல்யாணத்த நிறுத்தணும்னா நிறுத்திக்கிடுங்கன்னேன்.  மாப்ளயோட அம்மா, முகூர்த்தத்துக்குப் பந்தக்கால் என்னைக்குன்னு கேட்டாங்க."

கல்யாணம் தென்காசியில் ஒரு மண்டபத்தில் நடந்தது. நானும் அக்காவும் பஸ்ஸில் போனோம். உள்ளே நுழையும்போது எனக்குக் கொஞ்சம் கூச்சம்தான். மண்டபம் நிறைய அவர்கள் சொந்தம், நாங்கள் இரண்டுபேர் மட்டும் வெளியாள். யார் நீங்கள் என்று கேட்டால் என்ன சொல்வது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்திருந்தேன். யாரும் கேட்கவில்லை. அண்ணாச்சி வாசலிலேயே கையைப் பிடித்து, பேச்சில்லாமல் கூட்டிப்போய்ப் பந்தியில் ஓரமாக இரண்டு இலைக்கு முன்னால் உட்காரவைத்தார். வீடியோ எடுக்கிறவர் பந்தி வரிசையில் விளக்கைப் பிடித்துக்கொண்டு வந்தார். எங்களுக்கு இரண்டு இலைக்கு முன்னால் வரும்போது அண்ணாச்சி குறுக்கே கையை நீட்டி, "இங்கன வேண்டாம்ப்பா. அங்கன போயி எடு" என்றார்.

என்னை அதுவரை யாரும் அப்படி வரவேற்றதில்லை.

கோமதி எங்கள் பக்கம் வந்தார். பட்டுச்சேலை, தலை நிறையப் பூ, கண் இரண்டும் சிவந்து வீங்கியிருந்தன. மகளைக் கட்டிக்கொடுக்கும் தாய் அழலாம், அதற்கு எந்த வீட்டிலும் தடை கிடையாது. அன்று அவர் இரண்டு பிள்ளைகளுக்கும் சேர்த்து அழுதிருப்பார் என்று நினைக்கிறேன். என்னிடம் "சாப்பிடுங்க" என்றார். அக்காவின் தோளில் ஒரு நிமிடம் கையை வைத்திருந்துவிட்டு மேடைக்குப் போனார். மன்னிப்புக் கேட்க வாயில் தயாராக வைத்திருந்த வார்த்தைகளைப் பாயசத்தோடு சேர்த்து விழுங்கிவிட்டேன்.

அதற்குப்பிறகு அவர் கோயிலுக்கு வந்தாரா என்று கேட்பீர்கள். புரட்டாசியில் ஒரு ஞாயிறு, நான் அறிவிப்பு வாசித்துக்கொண்டிருக்கும்போது தூணுக்குப் பின்னால் கடகடவென்று சத்தம் கேட்டது. நான் தலையைத் தூக்காமல் குரலை மட்டும் கொஞ்சம் உயர்த்தி வாசித்தேன். ஓய்வு பெறும்வரை அந்தச் சத்தம் எத்தனையோ ஞாயிறு கேட்டது. கோமதிதானா, வேறு யாராவதா என்று நான் பார்க்கவில்லை.

உங்களில் யாருக்காவது அந்தச் சபைக்கு மாறுதல் கிடைக்கலாம். அங்கே ஃபேன் ஒன்று பிரசங்கத்துக்கு இடைஞ்சலாகச் சத்தம் போடும். புதிதாக வந்தவர்கள் முதல் வேலையாக அதைத்தான் சரிபண்ண நினைப்பார்கள். தயவுசெய்து அதில் கைவைக்காதீர்கள்.